மறுமொழி: டி.எம்.எம். அலகுக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

> 'தொலைசாரா மில்லிமீட்டர்' போதும். தொலைபேசி, தொலைநோக்கி எல்லாம் பழகவில்லையா?

வணக்கம் ஐயா. தலையில் மாட்டும் மெய்நிகர் கருவியில் எழுத்து முதலியவற்றின் அளவைக் குறிக்கும் டி.எம்.எம். (distance-independent millimeter) அலகுக்கு நம் கையேட்டில் எந்தத் தமிழ்ச்சொல்லை இடுவது என்பதுதான் கேள்வி. 'தொலை' என்றால் அழிவு என்று கிளம்பிய சண்டைக்கு நான் வரவில்லை; அந்தச் சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. என் மறுப்பு 'சாரா' மீதுதான். 2017இல் கூகிள் முன்வைத்த இந்த அலகில், ஒரு மீட்டர் தள்ளி ஒரு மில்லிமீட்டராக இருப்பது 1 டி.எம்.எம். மெய்நிகர் வெளியில் 1 மீட்டர் தள்ளியுள்ள பலகையில் எழுத்து 20 மி.மீ. உயரம் என்றால், 3 மீட்டர் தள்ளியுள்ள பலகையில் 60 மி.மீ. வேண்டும். இரண்டுமே 20 டி.எம்.எம்.தான். ஆக, எழுத்தின் உயரம் தொலைவை முழுக்கச் சார்ந்தே மாறுகிறது. மாறாதது கண்ணில் அது விரிக்கும் கோணம், ஏறக்குறைய 1.15 பாகை. 'தொலைசாரா' என்று படிக்கும் மாணவர் எல்லாப் பலகைக்கும் 20 மி.மீ. வைத்துவிடுவார். அதனால்தான் 'கோண மில்லி' என்கிறேன்.

> இது மில்லிரேடியன்தானே? 'மில்லியாரையன்' என்று முடித்துவிடலாம்.

கணக்கு சரி; ஒரு மீட்டர் தள்ளி ஒரு மில்லிமீட்டர் விரிக்கும் கோணம் ஏறக்குறைய ஒரு மில்லிரேடியன்தான். ஆனால் எழுத்துரு வரைபவர் மில்லிமீட்டரில் யோசிப்பவர். ஆரையனை அவர் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இந்த இழையில் ஓர் அம்மா பரிந்துரைத்த 'சேணளவு' காதுக்கு இனிமை. ஆனால் சேண் சங்கப் பாடல்களில் தொலைவாகவும் உயரமாகவும் வானமாகவும் வருகிறதே, கையேடு படிப்பவர் எதைக் கொள்வார்?

> ஓலைச்சுவடியைப் புள்ளி இல்லாமலே படித்தோம். தலைக்கருவியில் மட்டும் என்ன?

இழை விலகுகிறது, ஆனாலும் இதை விட மனமில்லை. சுவடியில் யாப்பும் பொருளும் கைகொடுத்தன. பொத்தானில் இருப்பதோ ஒரே சொல். 'எடு', 'ஏடு' இரண்டையும் பிரிப்பது ஏகாரத்தின் கீழே இழுக்கும் சிறு கோடு. பாகைக்கு 20 படப்புள்ளி (pixel) தரும் கருவியில் 20 டி.எம்.எம். எழுத்துக்குக் கிடைப்பது மொத்தம் 23 படப்புள்ளிதான். கண்ணோ பாகைக்கு 60 வரை பிரித்தறியும். அந்த 23க்குள் ணகரத்தின் சுழிகள் அடங்க வேண்டும், மேலே புள்ளியும் வேண்டும். தலை சற்று அசைந்தாலே எழுத்து படப்புள்ளிக் கட்டங்களுக்குக் குறுக்கே நகர்ந்து, மெல்லிய கோடு மினுங்கி மறைகிறது. கோட்டைத் தடிப்பாக்கினால் சுழி அடைபடும். ஆகவே சுழியின் உள்வெளியை அகலத் திறந்து, புள்ளியைப் பெரிதாக்கி, உடலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். லத்தீன் எழுத்துக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவைத் தமிழுக்கு அப்படியே எடுக்கக் கூடாது என்று அத்தியாயத்தில் ஒரு வரி சேருங்கள்.

> இன்று இரவே கையேடு போக வேண்டும். பெரும்பாலானோர் 'தொலைசாரா' என்கிறார்கள்.

சரி, அதுவே போகட்டும். ஆனால் அச்சொல் முதலில் வரும் இடத்தில் அந்த 1 மீட்டர், 3 மீட்டர் கணக்கைக் கட்டாயம் கொடுங்கள். சொல்லடைவில் 'கோண மில்லி'யை மாற்றுச்சொல்லாக இடுங்கள். இரண்டும் முடியாது என்றால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.