அக்கா பையனுக்கு மூச்சுக்குழாய்ல சீழ்னு ஐசியுல வச்சிருக்காங்க, யாருக்காவது தெரியுமா?

சித்தி_திருச்சி: அக்கா பையனுக்கு ஆறு வயசு. முதல்ல வெறும் மூக்கொழுகல்தான், ஸ்கூல்ல பாதி பிள்ளைங்களுக்கு இருந்துச்சு. அப்புறம் குரல் கம்மி, நாய் குரைக்கிற மாதிரி இருமல், மூச்சை உள்ள இழுக்கும்போது உய்ய்னு சத்தம். க்ளினிக்ல க்ரூப்னு (வைரஸால குரல்வளை வீங்குற நோய்) சொல்லி நெபுலைசரும் ஸ்டீராய்டும் குடுத்தாங்க, கொஞ்சம்கூட கேக்கல. ராத்திரி ஜுரம் 104, பையன் துவண்டுட்டான், 108ல தூக்கிட்டு ஓடினோம். இப்ப வாய் வழியா ட்யூப் போட்டு வென்டிலேட்டர்ல இருக்கான், பாக்டீரியல் ட்ரக்கியைட்டிஸ்னு சொல்றாங்க. சளி எப்படிங்க இப்படி ஆகும்? ட்யூப எடுத்துடுவாங்களா, பேச்சு திரும்ப வருமா? அவன்கூட படுத்த பாப்பாவுக்கும் ஒட்டிக்குமா? அக்கா பச்சத்தண்ணிகூட குடிக்காம வெளிய உக்காந்திருக்கா.

ஐசியு_நர்ஸ்: அக்காவ முதல்ல சாப்பிட வைங்கம்மா. ட்யூப பாத்து பயப்படாதீங்க, அந்த கெட்டி சீழ் மூச்சுப்பாதைய திடீர்னு அடைச்சிரும், அதனாலதான் முன்கூட்டியே போடுறது. அது வழியா அடிக்கடி சக்ஷன் வச்சு உறிஞ்சி எடுப்பாங்க. ஜுரம் இறங்கி, சீழ் குறைஞ்சு, ட்யூப சுத்தி காத்து கசிய ஆரம்பிச்சா வீக்கம் வத்துதுன்னு அர்த்தம், பெரும்பாலும் சில நாள்ல எடுத்துடுவாங்க. எடுத்ததும் கொஞ்ச நாள் குரல் கரகரன்னு இருக்கும், பொதுவா தானா சரியாயிரும். மயக்க மருந்துல இருந்தாலும் உள்ள விடும்போது அவன் கைய புடிச்சு பேசச் சொல்லுங்க.

குழந்தை_டாக்டர்: சளி வைரஸ் மூச்சுக்குழாயோட உள்தோல அரிச்சு புண்ணாக்கிடும், அந்த இடத்துல பாக்டீரியா போய் உக்காந்துக்கும். அதிகமா பாக்கிறது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நல்லா இருக்கிற நிறைய பேர் மூக்குலயே சும்மா இருக்கிற கிருமிதான். க்ரூப்ல இருக்கிறது வீக்கம், அதனால ஸ்டீராய்டும் அட்ரினலின் நெபுலைசரும் கேக்கும். இங்க சீழும் உரிஞ்ச தோலும் ஏடு மாதிரி உள்ள ஒட்டிட்டு இருக்கு, நெபுலைசர் அத என்ன பண்ணும்? பெரியவங்களுக்கு ஒரு மில்லிமீட்டர் வீங்கினா தெரியாது, பிள்ளைங்க குழாய் சின்னது, பாதிக்கு மேல அடைபட்ட மாதிரி ஆயிடும். ஆரம்பத்துல செஃப்ட்ரியாக்சோனோட வான்கோமைசின் மாதிரி ஊசி போடுவாங்க, என்ன கிருமி, எந்த மருந்து கேக்கும்னு பாக்கிற கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் அதுக்கேத்த மாதிரி மாத்துவாங்க, மொத்தமா 10 முதல் 14 நாள் ஆன்டிபயாடிக். நேரத்துக்கு கொண்டுபோயிட்டீங்க, பெரும்பாலான பிள்ளைங்க முழுசா தேறி வந்துடுறாங்க.

பாப்பாவுக்கு சளி வேணா ஒட்டலாம், அது இந்த அளவுக்கு போறது ரொம்ப அபூர்வம். பெண்டாவேலன்ட், நிமோகாக்கல் ஊசியெல்லாம் விடாம போட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஃப்ளூ ஊசி பத்தியும் உங்க டாக்டர்ட்ட கேளுங்க.

ரெண்டு_பசங்க_அம்மா: எங்க பெரியவனுக்கும் இதேதான் வந்துச்சு, இப்ப கத்துற கத்துக்கு தெருவே அதிருது, அக்காகிட்ட சொல்லுங்க. இத படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு, மூச்சு சத்தத்தோட இருக்கிற பிள்ளை வாய்ல ஸ்பூன் விட்டு தொண்டைய பாக்காதீங்க, கஷாயம் புகட்டுறேன்னு, ஆவி புடிக்க வைக்கிறேன்னு அழ விடாதீங்க, அழுதா இன்னும் இழுக்கும். மடியில அது எப்படி உக்காருதோ அப்படியே வச்சுட்டு கிளம்புங்க.

சித்தி_திருச்சி: எல்லாருக்கும் நன்றிங்க, அக்காவுக்கு படிச்சு காட்டினேன், ரெண்டு இட்லி சாப்பிட்டா. பாப்பாவுக்கும் லேசா மூக்கொழுகுது, எத பாத்து பயப்படணும்?

குழந்தை_டாக்டர்: விளையாடுறா, குடிக்கிறான்னா வீட்லயே பாத்துக்கலாம். சும்மா இருக்கும்போதே உய்ய்னு சத்தம், மூச்சு இழுக்கையில கழுத்துக்குழியும் விலாவும் உள்வாங்குறது, கொதிக்கிற ஜுரத்தோட துவண்டு படுக்கிறது, உதடு நீலம், முழுங்க முடியாம எச்சில் வடியுறது, இதுல எது ஒண்ணு வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியானாலும் விடியட்டும்னு பாக்காதீங்க. க்ளினிக்கும் வேணாம், ஐசியு இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேரா போயிடுங்க.