ஆக்ஸ்போர்டில் ‘பேட்டல்ஸ்’ பில் வந்தால்: அனுபவப் பகிர்வு

ஆக்ஸ்போர்டு கல்லூரியில் சேர்ந்ததுமே ‘பேட்டல்ஸ்’ என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வரும். அறை வாடகை, சாப்பாடு, கல்லூரியின் இதரச் செலவுகள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கேம்பிரிட்ஜில் இதையே காலேஜ் பில் என்று சொல்லிவிடுகிறார்கள். பெயர் புரியாமல் மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டுவிட வேண்டாம். கட்டவேண்டிய கடைசி நாள் உள்ளேதான் இருக்கும். பெரும்பாலும் டேர்மின் முதல் வாரத்தையொட்டி வரும். தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால் பக்கத்துக் கல்லூரி நண்பரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

பில்லில் முதலில் பார்க்கவேண்டியது, எது வரப்போகும் டேர்முக்கு, எது முடிந்த டேர்முக்கு என்பது. வழக்கமாக வாடகையை முன்கூட்டியே வாங்குவார்கள். ஹால் சாப்பாடு, விருந்தினர் அறை, ஃபார்மல் டின்னர் டிக்கெட் ஆகியவை பின்னால் வரும். அதனால் கல்விக் கட்டணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் முதல் டேர்மான மைக்கல்மஸ் பில் சிறியதாகத் தெரியும். ஜனவரியில் இரண்டாவது டேர்மான ஹிலரி பில் வரும்போது அந்த டேர்ம் வாடகையோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாப்பிட்டதும் சேர்ந்து நிற்கும். அக்டோபர் பில்லை மூன்றால் பெருக்கி ஆண்டுச் செலவைக் கணக்கிட்டால் பணம் பற்றாமல் போவது இதனால்தான்.

சில கல்லூரிகளில் அட்டையில் முன்பணம் ஏற்றித்தான் சாப்பிட முடியும். அங்கே சாப்பாட்டு வரி பில்லில் வராது.

*

மேலே சொன்னதோடு அறையில் தங்கும் இரவுகளின் கணக்கையும் சேர்க்கிறேன். இளங்கலை மாணவர்களுக்குப் பல கல்லூரிகளில் அறை ஒப்பந்தம் பூஜ்ஜிய வாரம் வியாழன் முதல் எட்டாம் வாரம் சனி வரை. ஃபுல் டேர்ம் எட்டு வாரம். அது தொடங்குவதற்கு முந்திய வாரத்துக்குத்தான் அங்கே பூஜ்ஜிய வாரம் என்று பெயர். வியாழன் முதல் வியாழன் வரை 56 இரவு, அதன்பின் வெள்ளி காலை வரை ஒன்று, சனி காலை வரை ஒன்று: மொத்தம் 58. திங்கட்கிழமையே வந்து இறங்கினால் 61. அந்த மூன்று இரவும் விடுமுறைத் தங்கல் என்று தனி வரியாக வரும். முன் அனுமதி வாங்கிய மின்னஞ்சலை வைத்துக்கொண்டு தேதிகளை ஒப்பிடுங்கள். விமானம் தள்ளிப்போய் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தாலும் பதிவு செய்த தேதிக்கே கணக்கு போடப்பட்டிருக்கலாம்.

ஜேசிஆர் எனப்படும் இளங்கலை மாணவர் மன்றச் சந்தா, தர்மக் கணக்கு போன்ற சிறு வரிகளையும் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு இருந்தால் அதற்கு டேர்ம் தொடக்கத்தில் ஒரு கெடு இருக்கும். பில் வந்த பிறகு சொன்னால் ஏற்கமாட்டார்கள். சுவரில் போஸ்டர் ஒட்டிய பசைக்கறைக்கும் பணம் பிடிப்பார்கள். அறைக்குள் நுழைந்த அன்றே நான்கு சுவரையும் தேதியோடு படம் எடுத்து வைப்பது நல்லது.

*

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் ஏ2 படிவம் கொடுக்கும்போது நோக்கக் குறியீடு எஸ்0305. வெளிநாட்டுப் படிப்புக்கான கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அதில் அடங்கும். பேட்டல்ஸ் என்ற சொல் கவுன்டரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது. ‘கல்லூரி விடுதி, உணவுக் கட்டணம்’ என்று ஒரு வரி போட்டுத் தரும்படி கல்லூரிக் கணக்குப் பிரிவிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வங்கிக் கமிஷன். ‘ஷேர்டு’ (SHA, இரு தரப்பும் பகிர்வது) என்று விட்டால் இடையிலுள்ள வங்கி பத்து இருபது பவுண்டை எடுத்துக்கொள்ளக்கூடும். கல்லூரிக் கணக்கில் அந்தத் தொகை பாக்கியாக நின்று, தாமதக் கட்டணமும் ஏறலாம். அனுப்பும்போது ‘OUR’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் கமிஷன் முழுவதும் நம் பக்கம் வரும். குறிப்பு எழுதும் இடத்தில் பில்லில் உள்ள எண்ணை அப்படியே எழுதுங்கள். அப்பா பெயரில் உள்ள கணக்கிலிருந்து எண் இல்லாமல் போன பணம் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். அப்படி நேர்ந்தால் பணம் அனுப்பியதற்கான வங்கிச் செய்தியின் நகலை (எம்டி103 என்பார்கள்) வங்கியிடம் கேட்டு வாங்கி அனுப்பினால் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

*

‘பேட்டல்ஸ்’ என்ற பெயரின் பழமை பற்றியும் கொஞ்சம். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இது கல்லூரி வழக்கில் இருக்கிறது. அப்போது பட்டரி எனப்பட்ட சரக்கறையில் ரொட்டியும் ஏல் என்ற பீரும் வாங்கினால் மாணவர் பெயரில் ஏட்டில் எழுதிவைப்பார்கள். இப்படி வாங்கிச் சாப்பிட்ட ஒரு வகை மாணவருக்கு ‘பேட்டலர்’ என்றே பெயர். கேம்பிரிட்ஜில் வசதி குறைந்தவர்களுக்கு ‘சைசர்’ என்று பெயர். நியூட்டன் 1661இல் டிரினிட்டி கல்லூரியில் அதற்கும் ஒரு படி கீழான சப்சைசராகத்தான் சேர்ந்தார்.

அந்த ஏடுகளின் மதிப்புக்கு, ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் விஷயம் ஒன்றே போதும். 1728 அக்டோபரில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்த அவர் மூன்று ஆண்டு அங்கே இருந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் எழுதினார். பட்டரி ஏட்டில் 1729 டிசம்பரோடு அவருடைய வாராந்தர உணவுச் செலவு நின்றுவிடுகிறது. பெயர் மட்டும் பிறகும் ஏட்டில் இருந்தது. சாப்பிடாதவர் ஊரில் இல்லை என்று அதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். பணமில்லாமல் படிப்பை விட்ட ஒரு பெரிய எழுத்தாளரின் காலக்கணக்கு ரொட்டிச் செலவில் அகப்பட்டது என்பது மனத்தைத் தொடுகிற விஷயம்.

*

கட்ட முடியாத நிலை வந்தால் கெடு தாண்டும் முன்பே பர்சர் (கல்லூரியின் நிதிப் பொறுப்பாளர்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். தவணை கேட்கலாம், நிதி நெருக்கடி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு விவரம், நின்றுபோன வருமானத்துக்கான சான்று, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டமுடியும் என்ற அட்டவணை ஆகிய மூன்றையும் இணைத்தால் பதில் சீக்கிரம் வரும்.

கடைசி ஆண்டு மாணவர்கள் கவனிக்கவேண்டியது: கடைசி டேர்மான டிரினிட்டியின் சாப்பாட்டுக் கணக்கு ஜூன் கடைசியிலோ அதற்குப் பிறகோ, நீங்கள் அறையைக் காலி செய்த பிறகு வரும். டெபாசிட் கட்டியிருந்தால் அதில் கழிப்பார்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரி மூடப்படும் முன் சொந்த முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாக்கி இருந்தால் பட்டமே தரமாட்டார்கள் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. கல்விக் கட்டணம் அல்லாத கடனுக்காகப் பட்டத்தை நிறுத்திவைக்கும் பொதுவிதிகள் நுகர்வோர் சட்டத்துக்கு முரணாக இருக்கலாம் என்று பிரிட்டனின் நியாய வர்த்தக அலுவலகம் 2014இல் பல்கலைக்கழகங்களை எச்சரித்திருக்கிறது. ஆனால் கடன் கடன்தான். கல்லூரி அதை வேறு வழியில் வசூலிக்கும்.