சர்வதேச மாணவர் விழாவில் ‘அரசும் ஊழலும்’: ஒரு நாள் பட்டறையை எப்படி நடத்துவது?

வடகாற்று (கேள்வி)
நார்வேயில் ட்ரொன்ஹைம் மாணவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் நடத்தும் இஸ்ஃபிட் விழாவைப் போன்ற ஒன்றுக்கான தயாரிப்பு. குழுவில் 20 பேர், 14 நாடுகள். ஒரு நாள் தலைப்பு அரசும் ஊழலும். காலை 9 முதல் மாலை 3.30 வரை. 2015 இஸ்ஃபிட்டின் மையப்பொருளே ஊழல்தான் என்பதால் இதுபற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.
விரிவுரைக்கு எவ்வளவு நேரம்? நாடுகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் ஊழல் குறியீட்டுப் பட்டியலைக் காட்டலாமா? பேச்சு “எங்க ஊருதான் ரொம்ப மோசம்” போட்டியாகப் போய்விடாமல் எப்படித் தடுப்பது?

ஒட்டுச்சீட்டு
மூன்றாவது கேள்வியிலிருந்து வருகிறேன், நாள் கெடுவது அங்கேதான். “உங்கள் நாட்டில் ஊழல் எப்படி?” என்று கேட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் மந்திரிகளைத் திட்டுவார்கள். 20 பேர், 100 நிமிடம் காலி. நாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், கவுன்டரைப் பற்றிக் கேளுங்கள். எல்லா நாட்டிலும் உள்ள ஒரு சேவை வேண்டும். ஓட்டுநர் உரிமம் சரியாக வரும். (பட்டா மாறுதல் நமக்கு அல்வா மாதிரி. ஆனால் வி.ஏ.ஓ. யார் என்று விளக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.)

நான்கு நான்கு பேராக ஐந்து குழு. ஒரே நாட்டுக்காரர்கள் ஒரே குழுவில் வேண்டாம். குழுவுக்கு ஒரு ஏ1 தாள், மூன்று நிறத்தில் ஒட்டுச்சீட்டு, 40 நிமிடம். மஞ்சளில் விண்ணப்பம் கொடுப்பதிலிருந்து அட்டை கைக்கு வரும்வரை ஒவ்வொரு படியும். சிவப்பில், எந்தெந்தப் படியில் ஓர் அதிகாரி காரணம் எழுதாமலே “முடியாது” என்று சொல்லலாம் என்பது. பச்சையில், அந்த முடிவை வேறு யார் சரிபார்க்கிறார்கள் என்பது. சிவப்பு இருந்து பச்சை இல்லாத இடங்களுக்கு வட்டம். பொருளாதார அறிஞர் ராபர்ட் கிளிட்கார்டின் சூத்திரத்தை (ஊழல் = ஏகபோகம் + தன்விருப்ப அதிகாரம் − பொறுப்புக்கூறல்) இதற்குப் பிறகுதான் பலகையில் எழுத வேண்டும். முன்னாலேயே எழுதினால் சூத்திரத்துக்குத் தோதாகச் சீட்டு ஒட்டுவார்கள், பயிற்சி செத்துவிடும்.

“பணம் கொடுத்தா வேலை சீக்கிரம் முடியுது, அதில் என்ன தப்பு?” என்று ஒருவராவது கேட்பார். அதற்கு டெல்லி ஓட்டுநர் உரிம ஆய்வைக் கையில் வைத்திருங்கள். 822 விண்ணப்பதாரர்களைப் பின்தொடர்ந்து செய்தது, 2007-ல் வெளியானது. உரிமம் பெற்றவர்களில் சுமார் 71% பேர் தேர்வுக்கே போகவில்லை. ஆய்வாளர்கள் தனியாக வைத்த சோதனையில் 62% பேர் ஓட்டத் தகுதியில்லாதவர்கள். அரசுக் கட்டணம் 450 ரூபாய், சராசரியாகச் செலவானது 1,120. பணம் நேரே அதிகாரி கைக்குப் போகவில்லை, புரோக்கர் வழியாகப் போனது. புரோக்கரைப் பிடிக்காமல் வந்தவர்களைத் தேர்வில் இஷ்டத்துக்குத் தோற்கடித்தார்கள். அதாவது அவர் கேட்கும் அந்தத் தாமதமே, ஆட்களைப் புரோக்கரிடம் தள்ளுவதற்காகச் செய்து வைத்தது.

விரிவுரை மொத்தமாக 25 நிமிடம், அதுவும் இரண்டாகப் பிரித்து.

தராசுமுள்
குறியீட்டைக் காட்டலாம், ஆனால் மதியத்துக்கு மேல். காலையில் காட்டினால் நாள் முழுக்க அந்த எண்ணே பேசும்.

ஊழலுக்கு எதிரான சர்வதேச அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிடுவது. 100 என்றால் சுத்தம், 0 என்றால் படுமோசம். தலைகீழாகப் படிப்பவர்கள் நிறைய, முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது கைமாறிய லஞ்சத்தை எண்ணுவதில்லை. பொதுத்துறை பற்றி வல்லுநர்களும் தொழில்துறையினரும் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பிற அமைப்புகளின் ஆய்வுகளிலிருந்து தொகுக்கிறது. 2012-ல் கணக்கிடும் முறை மாறியதால் அதற்கு முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிடக்கூடாது. தரவரிசை எண்ணை மறைத்துவிடுங்கள். பட்டியலில் புது நாடுகள் சேர்ந்தாலே வரிசை நகரும், ஊழல் மாறியிருக்காது.

நார்வே மேலேயே இருக்கும். அதோடு விட்டால் ‘பணக்கார நாடுகள் யோக்கியம், ஏழை நாடுகள் அயோக்கியம்’ என்று முடிந்துவிடும். அடுத்த தாளிலேயே உர நிறுவனமான யாராவின் வழக்கை வையுங்கள்: லிபியா, இந்தியா லஞ்ச விவகாரத்தில் 2014-ல் அபராதமும் பறிமுதலுமாக 29.5 கோடி குரோனர். ஈரான் ஒப்பந்த விவகாரத்தில் எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டோயிலுக்கு 2004-ல் 2 கோடி குரோனர். இரண்டிலும் நடவடிக்கை எடுத்தது நார்வேயின் பொருளாதாரக் குற்றப்பிரிவான எக்கோக்ரிம். கொடுத்த கை நார்வேயில், வாங்கிய கை வேறெங்கோ. குறியீட்டில் கறை விழுவது பெரும்பாலும் வாங்கிய நாட்டின் மேல். இதை வைத்தே ஒரு மணி நேரம் விவாதிக்கலாம்.

வடகாற்று
கவுன்டர் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். கடைசி 70 நிமிடம் ‘தீர்வுகள்’ என்று போட்டிருக்கிறேன். என்ன வைக்கலாம்?

ஒட்டுச்சீட்டு
பல பேர் உகாண்டாவைத்தான் வைப்பார்கள்: 1990-களின் முதல் பாதியில் பள்ளி மானியத்தில் சராசரியாக 13% மட்டுமே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது, தொகையைப் பத்திரிகையில் வெளியிட ஆரம்பித்த பிறகு 80 சதவீதத்தைத் தாண்டியது. வையுங்கள், ஆனால் பத்திரிகை ஒன்றே காரணம் என்று சொல்லாதீர்கள். அதே காலத்தில் மானியம் தரும் முறையும் மாறியது, இதைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

என் தேர்வு தகவல் உரிமைதான். 1994-ல் ராஜஸ்தான் கிராமங்களில் அரசு வேலைகளின் கூலிப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்த மக்கள் விசாரணைகள். அங்கிருந்து வளர்ந்து 2005 சட்டம். மனுவுக்குப் பத்து ரூபாய், 30 நாளில் பதில். பயிற்சி சுலபம்: காலையில் வட்டமிட்ட இடத்துக்கு ஆளுக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள், 15 நிமிடம். முதல் வரைவில் பெரும்பாலோர் “ஏன் தாமதம்?” என்று எழுதுவார்கள். ‘ஏன்’ என்றால் “பதிவேட்டில் இல்லை” என்று தட்டிக்கழிக்கலாம். “ஜனவரி 1 முதல் 31 வரை வந்த விண்ணப்பங்களின் பதிவேட்டு நகல், ஒவ்வொன்றும் முடிந்த தேதியுடன்” என்று கேட்டால் தப்பிப்பது கஷ்டம். பக்கத்தில் இருப்பவர் அதிகாரியாக உட்கார்ந்து மனுவை நிராகரிக்க வழி தேடட்டும். திருத்தி மறுபடி எழுதட்டும்.

மூடியகதவு
ஒன்றை யாருமே சொல்லவில்லை. பங்கேற்பவர்களில் சிலர் அரசு உதவித்தொகையில் வந்திருப்பார்கள், சிலருக்கு ஊர் திரும்பியதும் விசாரணை காத்திருக்கும். சாட்டம் ஹவுஸ் விதியை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்: பேசியதை வெளியே பயன்படுத்தலாம், பேசியவர் யார் என்று சொல்லக்கூடாது. படம் வேண்டாதவர்களின் பெயர் அட்டையில் சிவப்புப் புள்ளி. புகைப்படக்காரர் அறைக்குள் 10 நிமிடம் மட்டும், அதுவும் குழுப்பணி தொடங்குவதற்கு முன். அதிகாரிகளின் பெயர் தாளில் வேண்டாம், பதவி போதும்; நிரூபணமில்லாத பெயர் அவதூறு வழக்காகவும் திரும்பும்.

மாலையில் ஏ1 தாள்களைச் சுவரிலேயே விட்டுவிட்டு இரவு விருந்துக்கு ஓடாதீர்கள். எண்ணிச் சுருட்டி எடுத்துவிடுங்கள், ஐந்து.