'குவைற் குட்' என்றால் பாராட்டா, பாராட்டாமையா?

நல்லூர் ஆசிரியர்:
உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு விடயத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். பெயரடைக்கு முன்னால் வரும் அளவுச்சொற்களை வெரி (very), ராதர் (rather), குவைற் (quite), ஃபெயர்லி (fairly), எ பிற் (a bit) என்று மேலிருந்து கீழாகக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை அந்த வரிசையில் மனனம் செய்ய வைப்பது என் வழக்கம். அண்மையில் லண்டனிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், பேராசிரியர் தன் கட்டுரையைக் குவைற் குட் என்றபோது மகிழ்ந்துபோனதாகவும், புள்ளிகளைப் பார்த்த பின்புதான் அது பாராட்டே அல்ல என்று விளங்கியதாகவும், ஆகவே தொனியைக் கற்பிக்காமல் வரிசையைக் கற்பிப்பதில் பயனில்லை என்றும் சொன்னார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு சொல்லுக்கென்று நிலையான பொருள் இல்லாவிட்டால் அகராதி எதற்கு? எழுத்துப் பரீட்சையில் தொனிக்கு எங்கே போவது?

கொக்குவில் வாசகி:
ஐயா, குவைற்றை உங்கள் வரிசையில் எந்த இடத்தில் வைத்தாலும் அது அங்கே நிற்காது. குட், வோர்ம் போன்று கூடிக் குறையக்கூடிய பெயரடைகளுக்கு முன்னால் பிரித்தானியர் அதைப் பெரும்பாலும் 'ஓரளவு' என்ற பொருளில் ஆள்கிறார்கள். இம்பொசிபிள் போன்று பாதிநிலை இல்லாத பெயரடைக்கு முன்னால் அதே சொல் 'முற்றிலும்' என்றாகிவிடுகிறது. இதுவரைக்கும் இலக்கணம் என்று சொல்லிப் பலகையில் எழுதிவிடலாம். ஆனால் குவைற் குட் என்ற ஒரே தொடரில், அழுத்தம் குட் மீது விழுந்தால் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்ற திருப்தி தெரியும்; குவைற் மீது விழுந்து, குரல் இறங்கிப் பின் சற்றே ஏறி நின்றால், அடுத்ததாக ஒரு 'ஆனால்' வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருப்பார். சம்பந்தம் பேசிவிட்டு வந்தவர் "பெடியன் பறவாயில்லை" என்றால், அவர் அதை எப்படிச் சொன்னார் என்று விசாரிக்காமல் நம் ஊரில் எவரும் நாள் பார்க்கப் போவதில்லை.

வட்டுக்கோட்டையான்:
சகோதரி சொல்வது பிரித்தானியக் காதுக்குச் சரி. அமெரிக்கர் ஒருவர் குவைற் குட் என்றால் பெரும்பாலும் மிக நன்று என்றே பொருள். யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் இந்த இரு வாசல்களாலும் வந்தது. ஆட்சி பிரித்தானியருடையதாக இருக்க, 1816 இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் எங்கள் ஊரில் செமினரியைத் தொடங்கினார்கள். பழங்கதை கிடக்கட்டும், இன்று நம் பிள்ளைகள் பொஸ்ரனுக்கும் போகிறார்கள், பேர்மிங்ஹாமுக்கும் போகிறார்கள்.

1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படைகளின் நெருக்குதலுக்கு உள்ளான பிரித்தானியப் பிரிகேட்டின் தளபதி பிரோடி, நிலைமை 'எ பிற் ஸ்ரிக்கி' (a bit sticky, கொஞ்சம் இக்கட்டு) என்று தன் அமெரிக்க மேலதிகாரிக்கு அறிவித்ததாகச் சொல்வார்கள். அவர் சொன்னது கடும் ஆபத்தை. மற்றவர் விளங்கிக்கொண்டது சமாளிக்கக்கூடிய சிக்கலை. அந்தப் பிரிகேட்டைச் சேர்ந்த குளொஸ்ரர் படையணி சூழப்பட்டது. அதில் மிகச் சிலரே தப்பி வந்தார்கள், எஞ்சியோரில் பெரும்பாலானோர் சிறைப்பட்டார்கள்.

நல்லூர் ஆசிரியர்:
தம்பி, இந்த உதாரணம் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அந்தச் செய்தி வாயால் சொல்லப்பட்டதுதானே? தொனி அங்கே யாரைக் காப்பாற்றியது? பதறாமல் பேசுவதைப் பண்பாகக் கொண்ட ஒருவரின் தொனியே அவருடைய சொல்லைப் போலப் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

சுன்னாகம் மருந்தாளர்:
அளவுகோல் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஐயா. ஐரோப்பிய மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், பக்கவிளைவு 'கொமன்' என்றால் நூறு பேரில் 1 முதல் 10 பேர் வரை, 'ரெயார்' என்றால் பத்தாயிரம் பேரில் 1 முதல் 10 பேர் வரை என்பது விதி. காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளிலும் 'லைக்லி' (நிகழக்கூடியது) என்ற சொல்லுக்கு 66 சதவீதத்துக்கு மேல் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆனால் தாளை வாசித்துவிட்டு வருபவர், வாந்தி கொமன் என்று போட்டிருக்கிறது, ஆகவே தனக்கும் அது வரத்தான் போகிறது என்று முடிவுகட்டி மாத்திரையைத் திருப்பித் தர நிற்கிறார். குழு கூடி வகுத்த எண் வாசிப்பவருடைய தலைக்குள் தானாகப் போய்விடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறைத்துச் சொல்வது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய குணமல்ல. நெற்றி வியர்த்து, இடக்கையைப் பிடித்துக்கொண்டு, "சாடையாய் நெஞ்சு நோகுது, வாய்வுக்கு ஒரு குளிசை தாங்கோ" என்று கேட்கும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் 'சாடை'யை அகராதிப்படி எடுத்துக் குளிசை கொடுத்தால் நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கற்றவன். வியர்வையைப் பார்த்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே பொருளைத் தருவது தொனிகூட அல்ல, அதைச் சுற்றியிருக்கும் நிலைமை.

கொக்குவில் வாசகி:
மருந்தாளரின் கருத்து எழுத்துக்கும் பொருந்தும். மின்னஞ்சலில் குரல் இல்லை என்பதால் பொருள் நிலைத்துவிடுவதில்லை. எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், அடுத்த வாக்கியம் 'ஹவெவர்' (ஆனாலும்) என்று தொடங்குகிறதா என்பவை குரலின் வேலையைச் செய்கின்றன. ஐயாவின் பழைய மாணவருக்கும் அந்தப் பாராட்டின் பின்னால் என்ன வந்தது என்பதே முக்கியமாக இருந்திருக்கும்.

வரிசையில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் ராதர் பற்றியது. அறை ஃபெயர்லி வோர்ம் என்றால் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கொள்ளலாம். ராதர் வோர்ம் என்றால் பெரும்பாலும் யன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள். வெப்பமானியில் இரண்டுக்கும் ஒரே அளவாக இருக்கலாம். அளவைவிடச் சொல்பவரின் விருப்பு வெறுப்பையே அதிகம் காட்டும் சொல்லை அளவு வரிசையில் வைப்பது எப்படி?

நல்லூர் ஆசிரியர்:
ராதருக்குத் தனிக் கட்டம் போடுவதில் எனக்குத் தடையில்லை. குவைற்றை எடுக்க மாட்டேன். ஒரு சொல் வழக்கத்திலிருந்து விலகி ஒலிக்கிறது என்பதை உணர, வழக்கம் எது என்று பிள்ளைக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். வரிசையே தெரியாத பிள்ளைக்கு ஏற்றமும் இறக்கமும் வெறும் சத்தம். முதலாம் தவணைக்கு வரிசை. ஒலிப்பதிவுகளைக் கேட்கச் செய்வது இரண்டாம் தவணைக்கு.

கொக்குவில் வாசகி:
இரண்டாம் தவணையில் கடந்தகால வினாத்தாள்களைத் தவிர வேறெதற்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பது ஐயாவுக்குத் தெரியாததல்ல. ஒலிப்பதிவை முதல் வாரத்திலேயே போடுங்கள்.