பால்கனிப் பாட்டு: எவிட்டா பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூன் வாசகி:

2025 ஜூன் பள்ளி விடுமுறையில் லண்டன் பலேடியத்தில் ஜேமி லாய்ட் இயக்கிய எவிட்டா பார்த்தோம். அர்ஜென்டினா அதிபரின் மனைவியான எவா பெரோனின் கதையைச் சொல்லும் இசை நாடகம் அது. நேராக, எவா மாளிகை பால்கனியில் நின்று மக்களிடம் பாடும் 'டோன்ட் க்ரை ஃபார் மீ அர்ஜென்டினா' பாட்டுக்கு வருகிறேன். இடைவேளை முடிந்தால் மேடையில் எவா இல்லை. எவாவாக நடிக்கும் ரேச்சல் ஸெக்லர் அரங்கத்தின் வெளிப்பக்க பால்கனியில் நின்று தெருக்கூட்டத்துக்குப் பாடுகிறார், நாங்கள் உள்ளே திரையில் பார்க்கிறோம். என் பக்கத்து சீட்டில் ஒரு வயதான ஆங்கிலேய அம்மா. முதல் பாதி முழுக்க வாயசைத்துக் கூடவே பாடி வந்தவர், இந்தப் பாட்டுக்கு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கேமரா தெருவில் நிற்பவர்களின் முகங்களைக் காட்டியதும் கணவரிடம், "நம்மைப் பார்த்துப் பாடவே மாட்டாளா?" என்றார். கணவரிடமிருந்து பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் அழுதுகொண்டிருக்கிறார். ஒரே பாட்டு, பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. இன்றுவரை அந்த இரண்டு பேரும் என் மனதை விட்டுப் போகவில்லை. யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை.

செங்காங் அம்மா:

தங்கச்சி, நான் வெளியே நின்றவள். மகன் அங்கே படிக்கிறான், அவன்தான் அரங்கத்து வாசலில் உள்ள ஆர்கைல் தெருவுக்குக் கூட்டிப்போனான். இரவு ஒன்பது மணி வாக்கில், வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்கு முன்னால் சமையல்கட்டு ஏப்ரனோடு ஒரு பையன், ஏதோ சாப்பாட்டுக் கடையிலிருந்து ஓடி வந்திருக்கிறான். பால்கனியில் அந்தப் பெண் கையைத் தூக்கியதும் இவனும் தூக்கினான். யாரும் சொல்லவில்லை, தானாகவே போயிற்று கை. பாட்டு முடிந்ததும் வேலைக்குத் திரும்பி ஓடிவிட்டான். கதைப்படி எவா யாரிடம் பேசுகிறாள்? காசா ரொசாடா அதிபர் மாளிகைக்குள் இருந்த பணக்காரர்களிடமா? கீழே நின்ற கூலிக்காரர்களிடம்தானே. அன்றைக்கு அந்தப் பாட்டு சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது.

பிடோக் ரசிகன்:

அக்கா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2018-இல் இங்கே சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸில், எவிட்டாவை முதலில் மேடையேற்றிய இயக்குநர் ஹால் பிரின்ஸின் பழைய அமைப்பிலேயே அது வந்தது. அப்பாவைக் கூட்டிப்போனேன். அவருக்கு ஆங்கிலப் பாட்டு பாதிதான் புரியும். வெள்ளைக் கவுனில் எவா எங்களை நோக்கிக் கையை விரித்தபோது அப்பா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். அந்த நிமிடம் அரங்கில் உட்கார்ந்திருந்த நாங்கள்தான் அர்ஜென்டினாவின் கூட்டம். அதற்குத் தெருவுக்குப் போகத் தேவையே இல்லை. ஒரே கூரையின் கீழ் பாடுகிறவரின் மூச்சு நமக்குக் கேட்பதுதான் நாடகம். திரையை வீட்டிலேயே பார்க்கலாம்.

உட்லண்ட்ஸிலிருந்து:

நான் பார்த்தது வேறு. 2023-இல் லண்டன் விண்டாம்ஸ் அரங்கில் டேனியல் ஃபிஷ் இயக்கிய ஓக்லஹோமா இசை நாடகம். 1943-இல் வந்த அந்தக் குதூகலமான நாடகத்தின் கடைசியில், கல்யாண ஜோடியின் வெள்ளை உடுப்பில் ரத்தம் தெறித்திருக்க, தலைப்புப் பாட்டைக் கோபமாகப் பாடுகிறார்கள். கைதட்டத் தூக்கிய கையை என் முன்வரிசைக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் என் கதை.

பிடோக் தம்பிக்கு ஒன்று. எவிட்டா முதலில் மேடைக்கு வரவே இல்லை. 1976-இல் இசைத்தட்டாக வந்தது, 1978-இல்தான் பிரின்ஸ் மேடையேற்றினார். ஆகவே நீங்கள் 'பழைய அமைப்பு' என்பதும் ஓர் இயக்குநர் எடுத்த முடிவுதான். நம் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தையே பாருங்கள், நாரதர் வள்ளி தர்க்கம் நடிகருக்கு நடிகர் மாறும், விடிய விடிய நீளும். யாராவது சண்டைக்கு வந்தார்களா?

இனி போகிறவர்கள் டிக்கெட் எடுக்குமுன் இயக்குநர் யார் என்று பாருங்கள். நாடகத்தின் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பாட்டுகளை முன்னாலேயே ஒருமுறை கேட்டுவிடுங்கள், அப்போதுதான் எதை மாற்றினார்கள் என்று புரியும். வயது வரம்பு அறிவிப்பைப் படிக்காமல் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். துப்பாக்கிச் சத்தம், முழு இருட்டு எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். நான் பார்த்த ஓக்லஹோமாவில் ஒரு காட்சி கும்மிருட்டில்தான் தொடங்கியது. வயதான பெற்றோரோடு போனால் ஓரத்து சீட்டாக எடுங்கள். அப்புறம், பிடிக்கவில்லை என்றாலும் இடைவேளையில் எழுந்து போய்விடாதீர்கள். எவிட்டாவிலும் சரி, ஓக்லஹோமாவிலும் சரி, சண்டைக்குக் காரணமான காட்சி இரண்டாம் பாதியில்தான் இருந்தது.

செங்காங் அம்மா:

பிடோக் தம்பி, உங்கள் அப்பாவுக்கு டிக்கெட் எடுக்க நீங்கள் இருந்தீர்கள். அந்த ஏப்ரன் பையனுக்கு யார் எடுப்பது?

பிடோக் ரசிகன்:

அவனுக்கும் பாடட்டும் அக்கா, மனதார வேண்டும் என்கிறேன். நாடகம் முடிந்த பிறகு அதே பால்கனிக்கு வந்து இன்னொரு முறை பாடலாமே. ஈசூன் சகோதரியின் பக்கத்து சீட்டு அம்மா அந்தப் பாட்டை எத்தனை வருடமாக மனப்பாடமாக வைத்திருந்தாரோ. அவரிடமிருந்து எதற்காக எடுக்க வேண்டும்?