அழைப்பிதழில் ‘அமர்க்களம்’ இருக்கலாமா?

கார்த்தி: அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண அழைப்பிதழ் மாதிரியை அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குள் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

சின்ன அத்தை: கடைசி வரியில் ‘திருக்கடையூரில் அமர்க்களமாகக் கொண்டாடுவோம்’ என்று இருக்கிறது. அந்தச் சொல் வேண்டாம் கார்த்தி.

மதுரைச் சித்தி: ஏன் அண்ணி? நன்றாகத்தானே இருக்கிறது.

சின்ன அத்தை: எங்கள் அப்பா திண்ணையில் கைத்தடியைத் தட்டி, ‘உள்ளே என்ன அமர்க்களம்?’ என்று கேட்டால் வீடே அடங்கிவிடும். எனக்கு அது அதட்டுகிற சொல். கார்த்தி கல்யாணப் பந்தியில் நடந்ததையும் நான் மறக்கவில்லை.

சித்தப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம் அக்கா.

பெரியப்பா: அமர் என்றால் போர், அது நடக்கும் இடம் களம். 1027ஆம் குறள் ‘அமரகத்து வன்கண்ணர் போல’ என்று தொடங்குவதும் அந்தப் பொருளில்தான். யானையும் குதிரையும் முரசும் ஆளும் ஒரே இடத்தில் கூடி எழுப்பும் பேரிரைச்சல் மட்டும் சொல்லில் தங்கி, வெட்டும் குத்தும் உதிர்ந்துபோனதால், இன்று அது ரகளைக்கும் பொருந்துகிறது, தடபுடலான கொண்டாட்டத்துக்கும் பொருந்துகிறது. எது என்பதைச் சொல்லின் வால் காட்டிவிடும். ‘அமர்க்களம் பண்ணாதே’ என்றால் அதட்டல். ‘விருந்து அமர்க்களமாக இருந்தது’ என்றால் மனம் நிறைந்த பாராட்டு. அட்டகாசமும் அப்படித்தான். வடமொழியில் அது உரத்த சிரிப்பு. ‘காட்டு யானைகள் அட்டகாசம்’ என்று நாளிதழில் படித்த கையோடு, ‘காபி அட்டகாசமாக இருக்கிறது’ என்று நாமே சொல்கிறோம். ஆகவே கார்த்தி எழுதியதில் பிழை இல்லை.

செல்வி: ‘களேபரமாக’ என்று மாற்றலாமா பெரியப்பா?

பெரியப்பா: கூடவே கூடாது அம்மா. வடமொழியில் அதற்கு உடல் என்று பொருள், பிணத்தையும் குறிக்கும். நாம் இப்போது குழப்பத்துக்குச் சொல்கிறோம். நீண்ட ஆயுள் வேண்டிச் செய்யும் சடங்கின் அழைப்பிதழில் அதற்கு இடமே இல்லை.

மதுரைச் சித்தி: ‘குதூகலமாக’ என்று போட்டால்?

சின்ன அத்தை: எனக்கு அது பிடித்திருக்கிறது.

பெரியப்பா: பிள்ளைகள் துள்ளுவதற்கு அது பொருந்தும். மேளமும் பந்தியும் உறவும் நிறைந்த கூட்டத்தைச் சொல்ல அது போதாது.

சித்தப்பா: அந்தக் குறளின் மீதியையும் சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா: ‘தமரகத்தும் ஆற்றுவார் மேற்றே பொறை.’ போர்க்களத்தில் வீரர்மேல் பொறுப்பு விழுவதுபோல, குடும்பத்திலும் தாங்கக்கூடியவர்மேல்தான் சுமை விழும்.

சின்ன அத்தை: அன்று பந்தியில் அந்தச் சுமையைத் தாங்கியவள் நான்தான் அண்ணா.

பெரியப்பா: தெரியும் அம்மா. இந்த முறை பந்தியை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம்.

கார்த்தி: அத்தை, வரியை வைக்கட்டுமா, எடுக்கட்டுமா?

சின்ன அத்தை: பெரியண்ணன் சொன்னால் இருக்கட்டும். காலையில் உன் அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.