மாட்டுப் பொங்கலன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

காங்கேயம் பக்கத்திலிருந்து:

கிளுவை வேலிக்குள் அம்மிச்சி காலையிலேயே சாணியால் தெப்பக்குளம் கட்டிவிட்டார். முழ நீளம், முழ அகலம். கரைமேல் ஆவாரம்பூ, பூளைப்பூ. உள்ளே தண்ணீரோடு ஒரு சொம்புப் பால். கன்றை அதில் மிதிக்கவிட்டுத் தாண்டவைக்க வேண்டும், அதுதான் எங்கள் பட்டிப்பொங்கல்.

கன்றுக்கு ஐந்து மாதம். காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது சிவப்பு. ஆறு மாதவாக்கில்தான் நிறம் மாறும். இதற்கு அப்போதுதான் முதுகில் சாம்பல் படரத் தொடங்கியிருந்தது. மாமா பின்னாலிருந்து தள்ள, நான் கயிற்றை இழுக்க, "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று எல்லோரும் கூவ, அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. அப்புறம் குனிந்து குளத்துப் பாலைக் குடித்தது. குடித்து முடித்து, ஒழுகும் வாயை மாமாவின் புது வேட்டியில் துடைத்தது.

அம்மிச்சி சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வருடா வருடம் சொல்லும் கதையைத் தொடங்கினார். "தினமும் எண்ணெ தேச்சுக் குளிங்க, மாசத்துக்கு ஒருக்கா சாப்பிடுங்கன்னு சொல்லச் சொல்லித்தான் சிவன் தன்னோட காளை பசவனை அனுப்பிச்சாரு. இவன் மாத்திச் சொல்லிப்போட்டான். தினமும் சாப்பிடுங்க, மாசத்துக்கு ஒருக்கா குளிங்கன்னு! அத்தனை பேருக்கும் சோறு வேணுமில்ல? போய் நீயே ஏர் உழுன்னு தொரத்திட்டாரு."

கதை எப்போதும் அதோடு முடிந்துவிடும். இந்த முறை அம்மிச்சி எழுந்து மயிலை எருதிடம் போனார். வருடக்கணக்காக எங்கள் காட்டை உழுத எருது. டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலையில்லை, ஆனாலும் விற்கவே கூடாதென்று சொல்லிவிட்டார். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ மட்டும் ஒழுங்காச் சொல்லியிருந்தீன்னா நாங்க பசியில செத்திருப்போம், சாமி" என்றார். இத்தனை வருடமாக வெறும் சிரிப்புக் கதையாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எருது நக்கிய கையை அவர் வெகுநேரம் கழுவவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவர்:

படிக்கும்போதே கண் கலங்கியது. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், பொங்கலை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். சோறும் வெல்லமும் அளவுக்கு மீறினால் மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகும், அசைபோடுவது நின்றுவிடும். ஒரு மாட்டுப் பொங்கல் இரவு இப்படித்தான் ஓடினேன். "அது வேணாம்னே சொல்லலை டாக்டர்" என்று அழுதார் அந்த வீட்டுப் பாட்டி. சமையல் சோடா கரைத்து ஊற்றிவிட்டு, தொழுவத்திலேயே காத்திருந்தோம். பதினொரு மணிக்குமேல் பசு மெல்ல அசைபோட்டது. பாட்டி உள்ளே ஓடிப்போய் எனக்கொரு கிண்ணம் பொங்கல் கொண்டுவந்தார். "பயப்படாதீங்க, உங்களுக்கும் கைப்பிடிதான் வெச்சிருக்கேன்."

சிங்கப்பூரிலிருந்து:

பொங்கலுக்கு இங்கே லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். ஏழு வயது மகளைக் கூட்டிப்போயிருந்தேன். பால் என்றால் அவளுக்கு அட்டைப்பெட்டிதான். பசுவின் மூச்சு சூடாகக் கையில் பட்டதும் சட்டென்று என் பின்னால் ஒளிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, அதன் காதருகே போய் ரகசியமாகச் சொன்னாள்: "தேங்க்யூ. நேத்து பாதி சிந்திட்டேன், சாரி."